சந்தா சாகிபு எடுத்த முடிவுகள்

மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே நோக்குவோர்க்குக் காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே திருவரங்கத் தீவு புலப்படும். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், ஆர்க்காட்டு அரசு யாருக்கு என்னும் வழக்கு இச்சிறு நிலப்பரப்பில்தான் முடிவாயிற்று. அவ்வழக்கில் தோற்று உயிரிழந்தவர், ஹுசைன் தோஸ்த் கான் என்னும் இயற்பெயர் கொண்ட சந்தா சாகிபு. அவரை வீரர் எனப் போற்றுவோரும் உளர். வஞ்சகர் எனத் தூற்றுவோரும் உளர். அவர் எவ்வாறு எண்ணி முடிவெடுத்தார் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல் என ஐந்து அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்துள்ளார். சந்தா சாகிபின் வாழ்வை உரசிப் பார்க்க இவற்றினும் சிறந்த உரைகல் இல்லை.

நாயக்க மன்னர் விசயரங்க சொக்கநாதர் பிள்ளைப்பேறின்றி மறைந்தபின், அவர்தம் அரசி மீனாட்சி திருச்சிராப்பள்ளியிலிருந்து ஆட்சி புரிந்தார். பங்காரு திருமலை என்பார் அரசுரிமை கோரிப் பூசலிட்டார். ஆர்க்காட்டு நவாபு தோஸ்த் அலி கானின் மருமகனான சந்தா சாகிபு, அரசிக்குத் துணை நிற்பதாக வாக்களித்தார். திருமறை மீது ஆணையிட்டார் என்றும், துணியில் பொதிந்திருந்தது திருமறையன்று, செங்கல்லே என்றும் ஒரு செய்தி வழிவழியாக வழங்கி வருகிறது. செங்கல் கதை எவ்வாறாயினும், 1736-இல் நகருக்குள் புகுந்தவர் வாக்கை மீறி ஆட்சியைக் கைப்பற்றினார். அரசி நஞ்சுண்டு மாண்டார் என்பர். அன்று நோக்கியவர்க்கு இது மதிநுட்பத்தின் வெற்றியாகத் தோன்றியிருக்கும். பயன் கைகூடியதனாலேயே செயல் நல்லதாகிவிடாது என்பதைக் காலம் பின்னர் உணர்த்திற்று.

அவருடைய வளர்ச்சி கண்டு ஆர்க்காட்டு உறவினரே அஞ்சினர். 1740-இல் மராத்தியர் படையெடுத்து வந்து தோஸ்த் அலியைப் போரில் கொன்றனர். சந்தா சாகிபு திருச்சிக் கோட்டையில் தானியத்தைச் சேர்த்து வைத்திருந்தார். மராத்தியர் பின்வாங்கியதும், இடர் நீங்கிற்று என்று எண்ணி அதில் பெரும்பகுதியை விற்றுவிட்டார். பகைவர் திடீரெனத் திரும்பி வந்து முற்றுகையிட்டனர். 1741 மார்ச்சில் கோட்டை வீழ்ந்தது. அவர் சிறைப்பட்டுச் சாத்தாராவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். பகைவர் கண்ணுக்குப் புலப்படாமையைப் பகையின்மை எனக் கொண்டது வலியறிதலில் நேர்ந்த பிழை.

1748-இல் விடுதலை பெற்ற அவர், பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயின் துணையோடு 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் வென்றார். நவாபு அன்வருத்தீன் மடிந்தார். அவர் மைந்தர் முகம்மது அலி திருச்சிக்கு ஓடி ஒளிந்தார். உடனே திருச்சியைத் தாக்குமாறு தூப்ளே வற்புறுத்தினார். சந்தா சாகிபோ முதலில் தஞ்சைக்குப் பொருள் திரட்டச் சென்றார். படைக்கு ஊதியம் வேண்டுமல்லவா என்னும் அவர் எண்ணம் காரணமற்றதன்று. ஆயினும் தஞ்சை மன்னர் பிரதாப சிங் பேச்சுவார்த்தையிலேயே நாள்களைக் கழித்தார். அதற்குள் முகம்மது அலி தம்மை வலுப்படுத்திக்கொண்டார். தேவையான பொருளைத் தேடப்போய், திரும்பக் கிட்டாத காலத்தை இழந்தார் சந்தா சாகிபு.

1751-இல் திருச்சி முற்றுகை தொடங்கிற்று. மறு ஆண்டு ஆங்கிலப் படை நெருங்கவே, பிரெஞ்சுத் தளபதி லா காவிரியைக் கடந்து திருவரங்கத் தீவுக்குப் பின்வாங்க முடிவு செய்தார். சந்தா சாகிபுக்கு அதில் உடன்பாடில்லை, எனினும் இணங்கினார். படைகள் திருவரங்கம், திருவானைக்காவல் கோயில்களில் தங்கின. கிளைவு சமயபுரத்தில் நிலைகொண்டு வடக்கு வழியை அடைத்தார். அரணென எண்ணிய தீவே சிறையாயிற்று. கலந்தாலோசித்தல் நம் மார்க்கம் வலியுறுத்தும் பண்பு. ஆனால் மஷூரா என்பது தன் அறிவைப் பிறரிடம் ஒப்படைத்துவிடுதல் அன்று.

உணவு குன்றிப் படைகள் கலைந்த நிலையில், தஞ்சைத் தளபதி மானோஜி தம் வாள் மீது ஆணையிட்டுத் தப்பிச் செல்ல வழி தருவதாக உறுதி கூறினார். அதை நம்பிச் சென்ற சந்தா சாகிபு சிறை செய்யப்பட்டு, 1752 ஜூனில் தலை வெட்டப்பட்டு மாண்டார். ஆணையால் திருச்சியைப் பெற்றவர் ஆணையாலேயே அழிந்தார். இதைப் பழிக்குப் பழி என்று மட்டும் கூறிவிட்டுக் கடந்துவிடலாகாது. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு திருமறை பணிப்பதில் உலகியல் அறிவும் அடங்கியுள்ளது: வாக்கு மதிப்பிழந்த இடத்தில் எவரும் எவரையும் நம்பி முடிவெடுக்க இயலாது, அந்நிலையை உண்டாக்கியவர்களுள் அவரும் ஒருவர்.

அவ்வாறாயின் வென்றவர் சரியாக எண்ணினார் எனலாமா? முகம்மது அலி ஆங்கிலேயர் துணையால் நவாபானார். அவர்களுக்கே தீராக் கடனாளியுமானார். 1795-இல் அவர் மறைந்த ஆறே ஆண்டுகளில், 1801-இல், கருநாடக ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குப் போயிற்று. பகைவர் இருவரும் இன்று திருச்சி நத்தர்வலி தர்காவிலேயே அடங்கியுள்ளனர் என்பர். ஒருவர் பயன் ஒன்றையே கண்டு வழியை மறந்தார். மற்றவர் அன்றைய வெற்றியைக் கண்டு நாளைய விலையை மறந்தார். அங்குச் செல்லும் மாணவர்கள், வென்றவர் யார் என்று வினவுவதை விடுத்து, எண்ணித் துணிந்தவர் யார் என்று வினவிப் பார்ப்பார்களாக.