சரியான போட்டிக்கு மெட்டுப் போட்டவர்

போன பொங்கல் விழாவில் நம் ஏனாத்தூர் குடியிருப்பின் இரண்டு பெண் குழந்தைகள் ‘கண்ணும் கண்ணும் கலந்து’ பாட்டுக்குப் போட்டி நடனம் ஆடியது எல்லோருக்கும் நினைவிருக்கும். பி பிளாக், சி பிளாக் என்று கூட்டமே இரண்டு கட்சியாகப் பிரிந்து கைதட்டியது. அடுத்து வினாடி வினா நடத்தும் பொறுப்பு என்னுடையது. இப்போது ஆடிய பாட்டுக்கு இசை யார் என்று கேட்டேன். எம்.எஸ்.வி., ஜி. ராமநாதன், கே.வி. மகாதேவன் என்று மூன்று பதில் வந்தது. மூன்றும் தப்பு. பரிசாக வைத்திருந்த சாக்லேட் பெட்டி என்னிடமே திரும்பி வந்தது. அந்த மனிதரைப் பற்றித்தான் இந்தக் காலாண்டு எழுதுகிறேன்.

அவர் பெயர் சி. ராம்சந்திரா. 1918 ஜனவரி 12இல், மகாராஷ்டிரத்தில் அகமத்நகர் மாவட்டம் புண்தாம்பாவில் பிறந்தவர். கந்தர்வ மகாவித்யாலயத்தில் விநாயக்புவா பட்வர்தனிடம் முறையாக இந்துஸ்தானி சங்கீதம் படித்தார். சினிமாவுக்குள் நுழைந்தது என்னவோ நடிகராக. ‘நாகானந்தா’ படத்தில் கதாநாயகன். இயக்கியவர் பிற்பாடு ‘சிந்தாமணி’ எடுத்த நம் ஒய்.வி. ராவ். நடிப்பு எடுபடவில்லை. சோராப் மோடியின் மினர்வா மூவிடோனில் ஹார்மோனியம் வாசிக்கும் வேலைக்குப் போனார்.

இசையமைப்பாளராக அவருக்கு முதல் கதவு திறந்தது தமிழில் என்பது எனக்கே தாமதமாகத்தான் தெரியும். ‘ஜயக்கொடி’, ‘வனமோகினி’ என்று இரண்டு படங்கள். 1941இல் வந்த ‘வனமோகினி’யில் எம்.கே. ராதாவும் கே. தவமணி தேவியும் நடித்தார்கள். அதை இயக்கியவர் பகவான் என்ற பம்பாய்க்காரர். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்துப் பம்பாயில் இன்னொரு சங்கதி நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் உருவாக்கிய ஜாஸ் இசை, கப்பலேறி இங்கேயும் வந்துவிட்டது. 1935இல் லியான் அப்பி என்பவர் தன் குழுவோடு தாஜ்மகால் ஓட்டலில் வந்து வாசித்தார். ஆடுகிறவர்கள் காலை நிலையாக வைக்க முடியாத இசை. அதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டவர்கள் கோவாக்காரர்கள். சர்ச் பள்ளிக்கூடங்களில் சின்ன வயதிலேயே நொட்டேஷன் படித்தவர்கள் அவர்கள். ராத்திரி ஓட்டலில் வாசிப்பு, பகலில் சினிமா ஸ்டுடியோ. அவர்களில் ஒரு ட்ரம்பெட்காரர், அல்டோனா ஊரில் பிறந்த அந்தோனியோ சேவியர் வாஸ். ஊர் வைத்த பெயர் சிக் சாக்லேட்.

ராம்சந்திராவின் சாமர்த்தியம் இந்த ஆட்களைத் தேடிப் பிடித்ததில் இருக்கிறது. 1947இல் ‘ஷெஹ்னாய்’ படத்தில் ஞாயிற்றுக்கிழமை காதலியை வரச்சொல்லும் ஒரு வேடிக்கைப் பாட்டு, நாடே பாடியது. 1951இல் ‘அல்பேலா’. கதாநாயகனும் இயக்குநரும் அதே பகவான்தான்! பத்து வருஷத்துக்கு முன் தமிழ்ப் படத்தில் ஒன்றாக வேலை பார்த்த இரண்டு பேர், இந்தியா முழுவதையும் ஆடவைத்தார்கள். அதில் வரும் ‘ஷோலா ஜோ பட்கே’ பாட்டில் பாங்கோ மேளமும் ட்ரம்பெட்டும் சேர்ந்து கிளம்பும். சிதல்கர் என்ற தன் குடும்பப் பெயரில் லதா மங்கேஷ்கரோடு அவரே பாடினார். படத்தில் சிக் சாக்லேட்டும் தன் குழுவோடு தலைகாட்டுவார். 1953இல் அந்தப் படம் ‘நல்ல பிள்ளை’ என்று தமிழ் பேசியது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வங்கியில் ஒரு வவுச்சர் என்றால் எழுதியவர் கையெழுத்தும் வேண்டும், பாஸ் செய்தவர் கையெழுத்தும் வேண்டும். சினிமா இசையில் கோவா வாத்தியக்காரர்களின் கையெழுத்து பெரும்பாலும் விழவே இல்லை. ‘ஈனா மீனா டீகா’வை எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் குழந்தைகள் சாட்பூட் மாதிரி ஏதோ சொல்லி விளையாடியதைக் கேட்டுப் பிறந்த பாட்டு அது. ராம்சந்திராவின் கோவா உதவியாளர் ஜான் கோம்ஸ், தன் கொங்கணியில் ‘எனக்கு வேண்டாம்’ என்பதற்கான சொல்லையும் நடுவில் செருகிவிட்டார். அர்த்தமில்லாத பாட்டு என்று நாம் பாடுகிறோமே, அதில் அர்த்தமுள்ளது அந்த ஒரு துண்டு! 1957இல் ‘ஆஷா’ படத்துக்காகப் போட்டது. இயக்கியவர் நம் எம்.வி. ராமன், நடித்தது வைஜயந்திமாலா.

எல்லோரும் இதை ரசித்தார்கள் என்று சொல்ல முடியாது. 1952இல் அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று அரசு வானொலியில் அதற்கு இடமில்லாமல் செய்தார். ஜனங்கள் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பிவிட்டார்கள்.

தமிழ்நாட்டோடு அவர் தொடர்பு விடவில்லை. ‘மலைக்கள்ளன்’ எடுத்த கோவை பட்சிராஜா ஸ்ரீராமுலு நாயுடு, அதை இந்தியில் ‘ஆசாத்’ என்று 1955இல் எடுத்தார். எல்லாப் பாட்டும் ஒரே மாதத்தில் வேண்டும் என்று நௌஷாத்திடம் கேட்க, அவர் மறுத்துவிட்டார். ராம்சந்திரா முடித்துக் கொடுத்தார். ஜெமினி வாசனும் தன் படங்களுக்கு அவரை அழைத்தார். அப்படி வந்ததுதான் 1958இன் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’. பாட்டு கொத்தமங்கலம் சுப்பு, குரல் பி. லீலாவும் ஜிக்கியும், ஆடியது வைஜயந்திமாலாவும் பத்மினியும். ட்ரம்பெட்டுக்குப் பேர்போன மனிதர், சலங்கைக்கும் ஜதிக்கும் போட்ட மெட்டு. உத்திரமேரூர் பக்கம் ஒரு டூரிங் கொட்டகையில், மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து நான் அதைப் பார்த்தபோது எனக்குப் பத்து வயது இருக்கும். வீரப்பா ‘சபாஷ்’ போட்டதும் கொட்டகையே எழுந்து நின்றது. இசை யார் என்று நானும் அன்றைக்குக் கேட்கவில்லை.

சீனப் போருக்குப் பிறகு, 1963 ஜனவரி 27இல் டெல்லி மைதானத்தில் பிரதீப் எழுதிய அஞ்சலிப் பாட்டை லதா பாடினார். கேட்டுக்கொண்டிருந்த நேரு கண்கலங்கினார். அந்த மெட்டும் இவருடையதுதான். மேல்நாட்டுக் கூத்து என்று ஏசப்பட்டவரின் மெட்டுக்குத்தான் பிரதமர் அழுதார்.

அதற்குப் பிறகு வாய்ப்புகள் குறைந்தன. மராத்தியில் சொந்தமாகப் படம் எடுத்துப் பார்த்தார். 1977இல் தன் வரலாற்றை மராத்தியிலேயே எழுதினார். 1982 ஜனவரி 5இல், அறுபத்து நான்கு வயது நிறைய ஒரு வாரம் இருக்கும்போது, பம்பாயில் காலமானார்.

சாக்லேட் பெட்டி இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கிறது. அடுத்த விழாவில் ட்ரம்பெட்காரரின் பெயரைக் கேட்பேன். விடையைப் பெட்டியிலேயே எழுதியிருக்கிறது; படிக்காமல் வருகிறவர்களுக்குச் சொல்லிவிடாதீர்கள்.