'பாகவதர் கிராப்' தெரியுமா? தாத்தா காலத்து ஸ்டைல் ஐகான் எம்.கே.டி-யின் கதை

வீட்டில் உள்ள பழைய போட்டோவில் தாத்தாவுக்கு கழுத்து வரை முடி இருக்கிறதா? அதுதான் பாகவதர் கிராப்!

அந்த ஸ்டைலுக்குச் சொந்தக்காரர் எம்.கே.தியாகராஜ பாகவதர். 1910-ல் மாயவரத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்தவர். பெரம்பலூர், அரியலூர் எல்லாம் அப்போ திருச்சி மாவட்டம்தான். அதனால இந்தப் பக்கத்து மக்களுக்கு அவர் நம்ம ஊர் ஹீரோ.

1934-ல் 'பவளக்கொடி' மூலம் சினிமாவுக்கு வந்தார். அவரது பாட்டுக்கு மயங்கிய ரசிகர்கள், கெட்டப்பையும் விடலை. பட்டு ஜிப்பா, ஜரிகை அங்கவஸ்திரம், வைரக் கடுக்கன் எல்லாம் எல்லாராலும் வாங்க முடியுமா? ஆனா முடி வளர்க்க காசு வேண்டாமே!

1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே தியேட்டரில் 3 தீபாவளிகளைக் கண்டது. ஆனால் 1944 டிசம்பரிலேயே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார். படம் தியேட்டரில், ஹீரோ சிறையில்!

1947-ல் குற்றமற்றவர் என விடுதலையானார். ஆனா பழைய மவுசு திரும்பலை. அடுத்தடுத்த படங்கள் எடுபடலை. 1959 நவம்பர் 1-ல், 49 வயதில் மறைந்தார்.

இன்று ரெட்ரோ போட்டோஷூட்டுக்கு ஜிப்பா, அங்கவஸ்திரம் தேடுறீங்களா? விலை உயர்ந்ததுதான் ஸ்டைல் என்றில்லை. பாகவதரின் பட்டும் வைரமும் அவரோடு போச்சு. சாதாரண மக்கள் காசில்லாமல் எடுத்துக்கொண்ட அந்தக் கிராப்தான், இன்னைக்கும் அவர் பேரைச் சொல்லுது.