6-ம் வகுப்போடு நின்றவர் 11-ம் வகுப்புக் கதவைத் திறந்தார்!

ஏழைப் பிள்ளைகளின் ஹைஸ்கூல் சம்பளத்தை ஒழித்த காமராஜர்

ஸ்ரீவில்லிபுத்தூர் நெசவாளி மகனும் ராஜபாளையம் மில் தொழிலாளி மகளும் இன்று அரசுப் பள்ளியில் சம்பளம் கட்டாமல் பிளஸ்-2 வரை படிக்கிறார்கள். இதற்கு வழி போட்டவர், படிப்பைப் பாதியில் விட்ட ஒரு ஜவுளிக்கடைப் பையன்! அவர்தான் காமராஜர்.

பிடி அரிசிப் பள்ளி

1903-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி விருதுநகரில் பிறந்தார். அப்பா குமாரசாமி. அம்மா சிவகாமி. சின்ன வயதிலேயே அப்பா காலமாகி விட்டார்.

படித்தது சத்திரிய வித்தியாசாலையில். ஊரார் வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்து வளர்த்த பள்ளிக்கூடம் அது. ஆனாலும் வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை. 6-ம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமாவின் ஜவுளிக்கடையில் போய் உட்கார்ந்தார்.

சுதந்திரப் போராட்டத்தில் சுமார் 9 ஆண்டு ஜெயில். விட்ட படிப்பை அங்கேதான் புத்தகம் புத்தகமாகப் படித்துப் பிடித்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் எம்.பி.

ராஜபாளையத்துக்காரர் குமாரசாமி ராஜா 1949-ல் முதல்-அமைச்சர் ஆனார். 1952-ல் காமராஜர் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்று எம்.பி. ஆனார். 1954-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி முதல்-அமைச்சர் நாற்காலி அவரிடம் வந்தது.

வந்ததும் குலக்கல்வித் திட்டத்தைத் தூக்கிப் போட்டார். மூடிக் கிடந்த பள்ளிகளைத் திறந்தார். மதிய உணவும் போட்டார். பிள்ளைகள் வந்தார்கள்.

மாசம் 100 ரூபாய்

ஆனால் ஹைஸ்கூல் வாசலில் கூட்டம் குறைந்தது. காரணம் சம்பளம்! கட்ட வழியில்லாத வீட்டில் பையன் தறிக்குப் போனான். பெண் பிள்ளை தீப்பெட்டி ஒட்டப் போனாள்.

1960-ல் அந்தப் பூட்டு உடைந்தது. வீட்டின் வருஷ வருமானம் 1,200 ரூபாய்க்குள் இருந்தால், எஸ்.எஸ்.எல்.சி. வரை சம்பளம் கிடையாது! எஸ்.எஸ்.எல்.சி. என்றால் அப்போது 11-ம் வகுப்பு. என்ன சாதி என்று கேட்கவில்லை. மாசம் 100 ரூபாய்க்குள்ளா என்பதுதான் கணக்கு. சில ஆண்டுகளில் அந்த வரம்பும் போய், எல்லாருக்கும் இலவசம் ஆனது.

வாடகை வீடு

1963-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி பதவியை விட்டார். 1975-ல் அதே தேதியில், சென்னையில் ஒரு வாடகை வீட்டில் கண்ணை மூடினார்.

பிற்காலத்தில் பிளஸ்-2 தேர்ச்சியில் பல ஆண்டு மாநிலத்திலேயே முதலிடம் பிடித்தது விருதுநகர் மாவட்டம். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அதில்தான் இருக்கின்றன.

அந்த ஜவுளிக்கடைப் பையனின் ஊர்!