ஊர்தோறும் சென்று கற்பித்த மருத்துவிச்சி

வைத்தியக் கல்வி பட்டம் பெற்ற நாளோடு முடிந்துவிடுவதன்று. இதனை எத்துறை வைத்தியரும் ஒப்புவரெனினும், மகப்பேற்று மருத்துவத்தில் ஈடுபட்டோர் ஏனையோரினும் நன்கு அறிவர். பெரும்பாலான பிரசவங்கள் இயற்கையின் போக்கிலேயே இனிது முடிகின்றன. ஆயின், தலை வெளிவந்தபின் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளுதல், கொப்பூழ்க்கொடி முன்னே நழுவி வருதல், பிள்ளை பிறந்தபின் குருதி நில்லாது பெருகுதல் என்பன எப்பொழுதோ ஒருமுறை நேர்வன. நேரும்போது நூலைப் புரட்டிப் பார்க்க நேரமில்லை. செய்யவேண்டியதைக் கை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். அரிதாக நேர்வதிற் கை பழகுவது எங்ஙனம்? உயிருள்ள தாயின்மேற் பழகிப் பார்த்தல் தகாது. இவ்விடர்ப்பாட்டுக்கு வழி கண்டவர் பெரும் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரல்லர். பிரான்சு தேசத்து மருத்துவிச்சி ஒருவர். அஞ்செலிக் மார்கரித் லெ பூர்சியே தூ கூட்ரே என்பது அவர் பெயர்.

அம்மையார் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிறந்தவர். பாரிசு மாநகரில் மூத்த மருத்துவிச்சி ஒருவரிடம் மூன்றாண்டு தொழில் பயின்று, தேர்வு கொடுத்து, 1740-இல் உரிமம் பெற்றார். அக்காலப் பாரிசில் இத்தொழிலுக்கு ஒழுங்கான பயிற்சியும் தேர்வும் இருந்தன. தலைநகரை விட்டு அகன்றாலோ அந்நிலை இல்லை. நாட்டுப்புறங்களிற் பிள்ளைப்பேறு பார்த்தோர் பெரும்பாலும் எழுத்தறியாப் பெண்கள். தாயோ அயலவளோ செய்வதைக் கண்டு செய்தவர்கள். அவர்களிற் கைராசியும் நிதானமும் உடையோர் இருந்தனர். இல்லை என்று சொல்வது நன்றியின்மை. எனினும், பொறுக்கமாட்டாது இழுத்தும் நெருக்கியும் தாய்க்கு ஆயுட்காலத் துன்பத்தையும், சேய்க்குச் சாவையும் விளைத்தோரும் இருந்தனர்.

மற்றொரு புறத்திற் சத்திரவைத்தியர்கள் பிள்ளைப்பேற்றுத் துறையினுட் புகுந்துகொண்டிருந்தார்கள். குறடு முதலிய கருவிகளைக் கையாளும் உரிமை அவர்களுக்கே உரியதாயிருந்தது. உடற்கூற்று விரிவுரைகளும் அவர்கள் கையிலே. மருத்துவிச்சியருக்கு அறிவில்லை என்று பழித்தவர்களே அவர்களுக்கு அறிவு புகட்ட மறுத்தார்கள் என்பது அக்காலத்து விந்தைகளுள் ஒன்று. 1740-களின் நடுப்பகுதியிற் பாரிசு மருத்துவிச்சியர் பலர் ஒன்றுகூடித் தங்களுக்கு முறையான போதனை வேண்டுமென மருத்துவ பீடத்திடம் விண்ணப்பித்தனர். அவ்விண்ணப்பத்திற் கையொப்பமிட்டோருள் நம் அம்மையாரும் ஒருவர். ஏற்கெனவே உரிமம் பெற்றுத் தொழில் நடத்திவந்தவர் மேலும் கற்கவேண்டுமென்று கேட்ட அச்செயலிலேயே அவருடைய பிற்கால வாழ்வின் வித்துக் கிடந்தது எனலாம்.

1751 அளவில் அவர் பாரிசைவிட்டு ஓவேர்ஞ் என்னும் மலைநாட்டுக்குச் சென்றார். தியேர் என்னும் ஊரின் பிரபு ஒருவர் தம் ஊர்ப்பெண்களின் நலங்கருதி அவரை அழைத்திருந்தார். தலைநகரத்து வருவாயை விட்டு வறியோர் நிறைந்த மலையூருக்குப் போதல் எல்லாருக்கும் ஒல்லுவதன்று. ஆங்கு அவர் கண்டவை உள்ளத்தை உலுக்குவன. பிரசவத்தின்போது நேர்ந்த முரட்டுக் கையாடலால் அங்கங்கெட்டு, வெளியே சொல்லவும் நாணி, வாழ்நாள் முழுதும் வருந்தும் பெண்களைக் கண்டார். அவர்களுக்குப் பிரசவம் பார்த்தவர்களுக்கே கற்பிக்க முற்பட்டார். உடனே ஒரு தடை எதிர்ப்பட்டது. சொல்லிக் கொடுத்தாற் கேட்கிறார்கள், தலையை ஆட்டுகிறார்கள், விளங்கினதா என்றால் விளங்கவில்லை. இடுப்பெலும்பின் அமைப்பையும், கருப்பையுட் குழந்தை கிடக்கும் கிடையையும் கண்ணாற் காணாதவர்க்குச் சொல்லால் உணர்த்துதல் அரிது. படித்தவர்க்கே அரிதாயின், ஏடு தொட்டறியாதவர்க்கு எவ்வாறு?

அதற்கு அவர் கண்ட விடையே அவருக்கு அழியாப் பெயர் தந்தது. துணி, தோல், பஞ்சு ஆகியவற்றால் ஒரு பெண்ணின் இடுப்பும் தொடையும் அமைந்த உருவொன்றைத் தைத்துச் செய்தார். அதனை அவர் இயந்திரம் என்றே வழங்கினார். அதனுட் கருப்பை, பிள்ளை வெளிவரும் வழி விரிதலையும் சுருங்குதலையும் காட்ட வாரும் கயிறும், உள்ளே ஒரு குழந்தைப் பொம்மை. பொம்மையின் கைகால்கள் வளைவன. மூக்கும் காதும் தையலால் அமைந்தன. வாயைத் திறந்து விரலை உட்செலுத்தலாம். இது விளையாட்டுக்காகச் செய்ததன்று. குழந்தை கால்முன்னாக வரும்பொழுது, கடைசியில் நிற்கும் தலையை விடுவிக்க அவ்வாறு விரல் வைத்துத் தாடையைத் தாழ்த்தவேண்டி நேரும். உயிர்நாடி ஓடும் கொப்பூழ்க்கொடி ஒன்றும், துடிப்பற்று வறண்ட கொடி ஒன்றும் வைத்தார்; தொட்டே வேறுபாடு அறியவேண்டும் என்பது கருத்து. இரட்டைப் பிள்ளைகளும் உண்டு. பிற்காலத்துச் சில இயந்திரங்களிற் பஞ்சுறையில் நிறநீர் ஊட்டி, வேண்டிய தருணத்தில் நீரும் குருதியும் வெளிப்படுமாறும் அமைத்தார். இத்துணை நுட்பமும் ஊசியும் நூலும் கொண்டு செய்யப்பட்டதென்பதை நினைக்குந்தோறும் வியப்பாகின்றது. இத்தகைய இயந்திரம் ஒன்று பிரான்சில் ரூவான் நகரத்து நூதனசாலையில் இன்றும் பேணப்படுகின்றது. அதனை எக்ஸ்கதிரால் ஆராய்ந்தபோது, துணிக்குள்ளே மெய்யான மனித இடுப்பெலும்பு இருப்பது தெரியவந்தது. கை உணரவேண்டியது எலும்பையே என்று அம்மையார் கருதினார் போலும்.

1758-இற் பாரிசுச் சத்திரவைத்தியக் கழகம் இயந்திரத்தை ஆராய்ந்து ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டிற் பிள்ளைப்பேற்றுக் கலையின் சுருக்கம் என்ற பொருள்படும் பெயரோடு அவருடைய நூல் வெளிவந்தது. அதே 1759-இற் பதினைந்தாம் லூயி மன்னன், அவர் நாடெங்குஞ் சென்று கற்பிக்கலாமென்றும், எவரும் தடுத்தலாகாதென்றும் ஆணைப்பத்திரம் வழங்கினான். மன்னனுக்குத் தாய்மார்மேல் இரக்கம் பெருகிற்று என்று எண்ணிவிடவேண்டா. அப்பொழுது ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. நாட்டின் சனத்தொகை குன்றிக்கொண்டே போகின்றது, போர்வீரருக்கும் உழவருக்கும் எங்கே போவது என்னும் அச்சம் அரசாங்கத்தைப் பிடித்திருந்தது. உண்மையிற் சனத்தொகை குன்றவில்லை. வளர்ந்துகொண்டே இருந்ததெனப் பிற்கால ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். தவறான அச்சத்தினின்று நல்லதொரு காரியம் பிறந்தது. அம்மையார் அந்த அச்சத்தை நன்கு பயன்படுத்திக்கொண்டார். அரசியல் அறியாத பேதை அல்லர் அவர்.

1760 முதல் 1783 வரை, இருபது ஆண்டுக்கு மேலாக, அவர் வண்டியில் இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு நகரம் நகரமாகச் சென்றார். ஒவ்வொரு மாகாணத்திலும் அரசனின் பரிபாலகர் முன்னேற்பாடு செய்வார். ஊர்களிலுள்ள பங்குக் குருமார் தகுதியான பெண்களைத் தெரிந்து அனுப்புவர். வகுப்பு ஏறக்குறைய இரண்டு மாதம் நடக்கும். வாரத்தில் ஆறு நாள், காலையும் மாலையும். முதலில் அம்மையார் செய்துகாட்டுவார். பின்னர் ஒவ்வொருத்தியும் இயந்திரத்தின்முன் வந்து தானே செய்யவேண்டும். நேரான பிரசவம் பழகியபின், கைமுன் வருதல், பிட்டமுன் வருதல், உள்ளே கைசெலுத்திக் குழந்தையைத் திருப்பிக் காலைப் பற்றிக் கொணர்தல் என்பன ஒன்றன்பின் ஒன்றாக வரும். தவறினால் மீண்டும், திரும்பவும் தவறினால் திரும்பவும். பொம்மைக்கு நோவில்லை; ஆசிரியைக்கும் அலுப்பில்லை. இறுதியிற் சான்றிதழ் வழங்கப்படும்.

சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இவ்வேற்பாடு நடைமுறையில் எளிதாயிருக்கவில்லை. இரண்டு மாதம் வீட்டையும் வயலையும் பிள்ளைகளையும் விட்டு நகரத்திலே தங்குவது ஓர் ஏழைப் பெண்ணுக்கு எவ்வளவு கடினம்! அவளுடைய செலவை ஊர் கொடுக்கவேண்டும், ஊரோ முணுமுணுக்கும். தூர்கோ என்னும் அறிஞர் பரிபாலகராயிருந்த லிமோசு போன்ற இடங்களில் ஆதரவு கிடைத்தது. வேறு சில இடங்களில் அதிகாரிகள் பணமில்லை என்று கதவடைத்தனர். துணிப்பொம்மை கொண்டு உயிருள்ள உடலைக் கற்பிக்க முடியுமோ என்று எள்ளிய வைத்தியரும் உண்டு. அவ்வினாவில் ஓரளவு நியாயம் இருக்கின்றது. பொம்மை அஞ்சுவதுமில்லை, அழுவதுமில்லை. ஆயினும் எள்ளியவர்கள் அக்கிராமத்துப் பெண்களுக்கு வேறு வழி காட்டினார்களல்லர்.

இனி, கல்வியைப் பற்றிச் சிந்திப்போர் ஊன்றிக் கவனிக்கத்தக்கதொன்றுண்டு. ஆசிரியர் ஊரைவிட்டுப் போனபின் கற்றது என்னாகும்? அம்மையார் இதனை எண்ணாது விட்டாரல்லர். தாம் செல்லும் நகரம் ஒவ்வொன்றும் ஓர் இயந்திரத்தை வாங்கிக்கொள்ள வேண்டுமென வற்புறுத்தினார். அதன் விலை ஏறக்குறைய 300 இலீவர். சிறு நகரங்களுக்கு அது பெருந்தொகையே. உள்ளூர்ச் சத்திரவைத்தியர் சிலரைத் தெரிந்து, அவர்களுக்குத் தனிவகுப்பு நடத்தி, செய்துகாட்டும் ஆசிரியராக்கினார். தாம் போனபின் அவர்கள் அதே இயந்திரத்தைக்கொண்டு வகுப்பைத் தொடர்ந்து நடத்தவேண்டும் என்பது திட்டம். ரோசுபோர் துறைமுகத்திற் கடற்படைச் சத்திரவைத்தியரும் அவரிடம் கற்றனர். பட்டமும் பதவியும் உடைய ஆடவர், மருத்துவிச்சி ஒருவர் முன்னிலையில் துணிப்பொம்மையைத் திருப்பப் பழகிய காட்சியை வாசகர் மனக்கண்ணாற் காண்பாராக. தெரியாததைத் தெரியாதென்று ஒப்பி மீண்டும் மாணாக்கராக அமர்ந்த அவர்களும் பாராட்டுக்குரியரே.

இதில் ஒரு குறையும் உண்டு. தொடர்ந்து கற்பிக்கும் பதவி பெரும்பாலும் ஆடவராகிய சத்திரவைத்தியர் கைக்கே போயிற்று. பெண்களிடமிருந்து பிறந்த கலையைப் பெண்களுக்குக் கற்பிக்கும் உரிமை மெல்லமெல்ல அவர்களிடமிருந்து நழுவுவதற்கு அம்மையாரின் ஏற்பாடே ஓரளவு வழிவிட்டது என்று சொல்ல இடமுண்டு. ஆனால் எழுத்தறிந்த பெண்கள் அருகியிருந்த நாட்டில், ஊர்தோறும் நிலையாக இருந்து நடத்த வேறு எவரை அவர் தேடியிருக்கமுடியும்? கிடைத்த கருவிகொண்டே வேலை செய்தார்.

நூலையும் அவர் அப்படியே கையாண்டார். 1769-இல் வெளிவந்த பதிப்பில் நிறந்தீட்டிய படங்களைச் சேர்த்தார். குழந்தையின் கிடையும், மருத்துவிச்சியின் கை வைக்குமிடமும் அவற்றில் தெளிவாகக் காட்டப்பட்டன. எழுத்தை வாசிக்கத் தெரியாத மாணவி வீடு திரும்பியபின் படத்தைப் பார்த்தாவது நினைவைப் புதுக்கிக்கொள்ளட்டும் என்பது நோக்கம். 1767-இலேயே அரசாங்கம் அவருக்கு ஆண்டொன்றுக்கு 8,000 இலீவர் ஊதியம் வகுத்திருந்தது. அக்காலத்தில் ஒரு மருத்துவிச்சிக்கு இது கேட்டறியாத தொகை. அவரிடம் நேரே கற்ற பெண்கள் ஏறக்குறைய 5,000 பேரென்றும், சத்திரவைத்தியர் சுமார் 500 பேரென்றும் வரலாற்றாசிரியர் மதிப்பிடுவர்.

அக்கல்வியால் எத்தனை உயிர் பிழைத்தன என்று எண்ணிச் சொல்ல அக்காலத்திற் கணக்கு இல்லை. ஆனால் அவர் கைக்கொண்ட முறை பயன்தருவதே என்பதற்கு நம் காலத்திற் கணக்கு உண்டு. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துச் சவுத்மீட் வைத்தியசாலையில், 2000-ஆம் ஆண்டளவிலிருந்து மருத்துவிச்சியரும் வைத்தியரும் ஒருங்கே ஆண்டுதோறும் பொம்மையின்மேற் பயிற்சி பெறவேண்டுமென விதித்தனர். புதியவர் மட்டுமல்லர், நரைத்த நிபுணரும் வரவேண்டும். தோள் சிக்கிய பிரசவங்களிற் குழந்தைக்குக் காயம் நேர்ந்த விகிதம் பயிற்சிக்கு முன் 100-க்கு 9.3, பின் 2.3. இம்முடிவு 2008-இல் வெளியிடப்பட்டது. பொம்மை இப்போது துணியாலன்றி நவீனப் பொருள்களாற் செய்யப்படுகின்றது. இழுக்கும் விசையை அளக்கும் கருவியும் அதனுள் உண்டு. முறை அம்மையாருடையதே.

1783-இல், முதுமையும் உடல் தளர்ச்சியும் மேலிட, அவர் பயணத்தை நிறுத்தினார். தமக்குத் துணையாகத் திரிந்து தொழில் பயின்ற மருகி மார்கரித், கூத்தான்சோ என்னும் சத்திரவைத்தியரை மணந்து போர்தோ நகரிற் குடியிருந்தார். அவர்கள் ஆங்கே மருத்துவிச்சியருக்கான வகுப்பை நடத்திவந்தனர். அம்மையாரும் அந்நகரையே சேர்ந்தார். பின்னர்ப் புரட்சி வந்தது. அரசன் வீழ்ந்தான், அரசன் கையொப்பமிட்ட பத்திரம் பெருமையாயிருந்த நிலை மாறி, ஆபத்தாகவும் கூடிய காலம் பிறந்தது. அந்தக் கொடுங்காலத்தினிடையே, 1794-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அம்மையார் போர்தோவில் உயிர்நீத்தார். மருகியார் வகுப்பை நிறுத்தவில்லை. புதிய ஆட்சியாளரிடமும் பொருளுதவி கேட்டுப் பெற்றுப் பெண்களுக்குத் தொடர்ந்து கற்பித்தார். 1800-இல் தம் மாணவியருக்கென நூலொன்றும் அச்சிடுவித்தார்.