தரியாப்பூர் வார்டு அங்கத்தினர்

1917-ம் வருஷ ஆரம்பத்தில் ஆமதாபாத் முனிசிபாலிடிக்குத் தரியாப்பூர் வார்டில் ஓர் தேர்தல் நடந்தது. அதில் நின்ற ஸ்ரீ வல்லபாய் பட்டேல் ஒரே ஒரு வோட்டு வித்தியாசத்தில் ஜயித்தார். ஆக்ஷேபத்தின் பேரில் அத்தேர்தல் ரத்தாயிற்று. அவ்வருஷத்திலேயே மறுபடி நடந்தபோது அவரை எதிர்க்க எவரும் முன்வரவில்லை. பின்னாளில் ஐந்நூறுக்கு மேற்பட்ட சமஸ்தானங்களை இந்திய யூனியனில் இணைத்தவரின் பொதுவாழ்வு இப்படித்தான் ஆரம்பித்தது.

அப்போது அவருக்கு வயது 41. கரம்சத் கிராமத்துக் குடியானவர் குடும்பம். மெட்ரிகுலேஷன் தேறியதே 22-வது வயதில்தான். கோத்ராவிலும் போர்சத்திலும் பிளீடராக இருந்து, சீமைக்குச் செல்லப் பணம் சேர்த்தார். பிரயாணக் கடிதம் வந்தபோது, பெயரின் முதலெழுத்துக்கள் இருவருக்கும் ஒன்றாயிருந்தபடியால், தமையனார் விட்டல்பாய் தாம் முதலில் போக விரும்பினார். தம்பி மறுபேச்சின்றி விட்டுக்கொடுத்து, தாம் 1910-ல்தான் கப்பலேறினார். 1913-ல் பாரிஸ்டராகத் திரும்பிய அவர், ஐரோப்பிய உடையும் குஜராத் கிளப்பில் சீட்டாட்டமுமாகக் காலங்கழித்தார். ஒருவர் தேச சேவை செய்வது, மற்றவர் சம்பாதிப்பது என்று சகோதரர்கள் செய்துகொண்ட ஏற்பாட்டில், சம்பாதிக்கும் பங்கு இவருடையது!

அத்தகையவரை அபேட்சகராக நிறுத்தியவர்கள் கிளப் நண்பர்களே. முனிசிபாலிடிக்குக் கமிஷனராக வந்திருந்த ஷில்லிடி என்னும் ஐ.ஸி.எஸ். அதிகாரி அங்கத்தினர்களை லட்சியம் செய்வதில்லை. வரி கொடுப்பவர்கள் ஜனங்கள். அதிகாரம் செலுத்துபவர் ஒரு வெள்ளைக்காரர். இதை எதிர்க்க ஒரு திறமையான வக்கீல் வேண்டியிருந்தார். வக்கீல்கள் நகரசபைக்குப் போவது கௌரவத்திற்காக என்றே கருதப்பட்ட காலம் அது. இன்று அக்கருத்து அடியோடு மறைந்துவிட்டதென்று சொல்வதற்கில்லை. பட்டேலோ கோர்ட்டில் கட்சிக்காரருக்காக வாதாடுவதுபோல், தஸ்தாவேஜுகளை வைத்துக்கொண்டு வாதாடினார். கமிஷனர் போக நேர்ந்தது.

ஆனால் அவரை நகரம் அறிந்துகொண்டது இந்த வெற்றியால் அன்று. அவ்வருஷம் பிளேக் பரவிற்று. பள்ளிகளும் கோர்ட்டுகளும் மூடப்பட்டன, வசதியுள்ளவர்கள் வெளியேறினர். சுகாதாரக் கமிட்டித் தலைவரான பட்டேல் வீட்டைவிட்டு நகர மறுத்தார். குறுகிய சந்துகளில் தாமே நடந்து சென்று, சாக்கடை கழுவப்படுகிறதா, மருந்து தெளிக்கப்படுகிறதா என்று பார்த்தார். நேரில் பார்க்காதவன் கமிட்டியில் உட்கார்ந்து என்ன தீர்மானம் செய்ய முடியும்?

ஒத்துழையாமை நாட்களில் அம்முனிசிபாலிடி தன் பள்ளிக்கூடங்களுக்கு அரசாங்க மான்யமும் இன்ஸ்பெக்ஷனும் வேண்டாமென்று மறுத்தது. அதற்காக 1922-ல் அரசாங்கம் சபையையே கலைத்தது. 1924-ல் காங்கிரஸ் அங்கத்தினர்கள் பெரும்பான்மையாகத் திரும்பி வந்தனர், பட்டேல் அக்கிராசனரானார். குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் எட்டாத பேட்டைகளுக்கு அவற்றைக் கொண்டுசெல்வதே அவரது முக்கிய வேலையாயிற்று. 1927-ல் குஜராத்தில் பெருவெள்ளம் வந்தபோது நிவாரண வேலையையும் அவரே முன்னின்று நடத்தினார்.

1928-ல் அப்பதவியை ராஜினாமாச் செய்தார். அப்போது பார்தோலியில் வரிமறுப்பு ஆரம்பமாகியிருந்தது. சர்தார் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது அங்கேதான்.