அகவிளக்கில் கண்ட பேயாழ்வார்

திருமயிலையில் இன்று அருண்டேல் தெரு என வழங்கும் வீதியிலுள்ள கிணற்றில், செவ்வல்லி மலரில், ஐப்பசித் திங்கள் சதய நன்னாளில் திருவவதரித்தவர் பேயாழ்வார். எம்பெருமானுடைய நந்தகவாளின் அம்சம் என்பர். முந்திய இரு நாள்களில், திருவோணத்தில் திருவெஃகாவில் பொய்கையாழ்வாரும், அவிட்டத்தில் கடல்மல்லையில் பூதத்தாழ்வாரும் தோன்றினர். குருபரம்பரை இவர்களைத் துவாபர யுகத்தவர் என்னும். ஆராய்ச்சியாளர் பலர் கி.பி. 6, 7ஆம் நூற்றாண்டினர் என்பர். மயிலைக் கேசவப் பெருமாள் சந்நிதியில் ஆழ்வாரைச் சேவிக்கும் அடியார்க்கு இந்தக் கணக்கு ஒரு தடையன்று.

பக்திப் பெருக்கால் அழுவதும் சிரிப்பதும் ஆடுவதுமாய்த் திரிந்தவரை உலகம் பேயர் என்றது. அப்பெயரே நிலைத்தது.

ஒருநாள் இரவு, பெருமழை. திருக்கோவலூரில் ஓர் இடைகழியில் பொய்கையார் ஒதுங்கினார். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும் அளவே இடம். பூதத்தார் வந்தார், பின்னர்ப் பேயார் வந்தார். மூவரும் நின்றிருக்க, நான்காமவர் ஒருவர் புகுந்து நெருக்குவதை உணர்ந்தனர். யாரென்று காண விளக்கில்லை, எண்ணெயுமில்லை, திரியுமில்லை. அவர்களிடம் இருந்தது பாவனை ஒன்றே.

பொய்கையார் உலகத்தையே அகலாகவும், சூழ்ந்த கடலையே நெய்யாகவும், கதிரவனையே சுடராகவும் பாவித்துப் பாடினார். பூதத்தாரோ வெளியே தேடவில்லை. தம் அன்பை அகலாக்கி, ஆர்வத்தை நெய்யாக்கி, உருகும் உள்ளத்தைத் திரியாக்கினார். புறவிருள் ஒன்றால் நீங்க, அகவிருள் மற்றொன்றால் நீங்கிற்று.

மனத்தில் புனைந்த விளக்கு எங்ஙனம் ஒளி தரும் என்னும் ஐயம் எழுவது இயல்பே. நெருக்கியவன் விளக்கேற்றுமுன்பே அங்கு இருந்தான் என்பதை நினைத்தல் வேண்டும். பாவனை அவனைப் படைக்கவில்லை; அவனை மறைத்த திரையை விலக்கிற்று. இல்லாததைக் கற்பிக்கும் வீண் மனோராஜ்யத்துக்கும் ஆழ்வார்களின் பாவனைக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

பேயார் விளக்கேற்றவில்லை. அவ்விரு விளக்கின் ஒளியில் கண்டவர் அவர். பிராட்டியோடு நின்ற பெருமானைச் சேவித்த களிப்பே நூறு பாசுரங்களாய், மூன்றாந் திருவந்தாதியாய்ப் பெருகிற்று.

பல சமயங்களில் புகுந்து உழன்ற திருமழிசையார் பிற்பாடு ஆழ்வாரைக் கண்டபொழுது, அவர் செடியொன்றைத் தலைகீழாக நட்டு ஓட்டைக் குடத்தால் நீர் வார்த்துக்கொண்டிருந்தார். பித்தரோ என வினவ, வேரற்ற கொள்கைகளுக்கு நீர் வார்ப்பாரைவிடவா என்னும் கருத்துப்பட விடை வந்தது. நெடுநாள் வாதம் நிகழ்ந்தது. முடிவில் திருமழிசையார் பேயாரையே ஆசாரியராக வரித்தார்; நான்முகன் திருவந்தாதி அவர் அருளியதே.