எக்குலி பங்குத்தந்தையின் மாணவர்

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 4ஆம் நாள் புனித ஜான் மரிய வியான்னியின் திருநாளைக் கொண்டாடுகிறோம். பங்குத்தந்தையரின் பாதுகாவலர் என்பதால் அன்று நம் பங்குகளில் குருக்களுக்கு வாழ்த்துச் சொல்லி, பொன்னாடை போர்த்தி மகிழ்கிறோம். மறையுரையில் தவறாமல் ஒரு செய்தி இடம்பெறும். அவர் படிப்பில் மந்தமானவர், ஆனால் பக்தியில் சிறந்தவர், ஆகவே இறைவன் அவரை உயர்த்தினார் என்பார்கள். உண்மைதான். ஆனால் இப்படிச் சொல்லும்போது இந்த வரலாற்றில் ஒருவர் விடுபட்டுப் போகிறார். எக்குலி என்ற ஊரின் பங்குத்தந்தை சார்லஸ் பாலி அவர். படிப்பு ஏறாத அந்த மாணவரைக் கடைசிவரை கைவிடாத ஆசிரியர்.

வியான்னி 1786ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், பிரான்சு நாட்டின் லியோன் நகருக்கு அருகில் டார்டில்லி என்ற சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு மூன்று வயதானபோது பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. பின்னர் ஆலயங்கள் மூடப்பட்டன. அரசுக்கு உறுதிமொழி அளிக்க மறுத்த குருக்கள் மாறுவேடத்தில் வீடுவீடாகச் சென்று இரகசியமாகத் திருப்பலி நிறைவேற்றினார்கள். 1799இல் வியான்னி புதுநன்மை வாங்கியதும் எக்குலியில் ஒரு வீட்டு அறையில்தான். உள்ளே நடப்பது வெளியே தெரியாதிருக்க, சன்னல்களுக்கு முன்னால் வைக்கோல் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். பள்ளிப் படிப்பு என்று பார்த்தால் ஒன்பது வயதில் தொடங்கியது, அதுவும் சொற்ப காலமே. மற்றபடி ஆடுமாடு மேய்ப்பதும் வயல் வேலையும்தான்.

1806இல், இருபது வயதில், குருவாக வேண்டும் என்ற ஆசையோடு தந்தை பாலியின் பங்கு இல்லத்துப் பள்ளியில் சேர்ந்தார். அக்காலத்தில் குருத்துவப் படிப்புக்கு இலத்தீன் மொழிதான் வாசல். கலப்பை பிடித்த கைக்கு அந்த இலக்கணம் பிடிபடவே இல்லை. இரவில் மனப்பாடம் செய்தது காலையில் மறந்துபோகும். உடன் படித்தவர்களோ சிறுவர்கள்.

அவர்களில் மத்தியாஸ் லோராஸ் மிகவும் கெட்டிக்காரன், வியான்னியைவிட ஆறு வயது இளையவன். அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலை அவனுக்கு. ஒருநாள் எத்தனை முறை சொல்லியும் ஏறவில்லை என்ற எரிச்சலில், எல்லாருக்கும் முன்பாக அவரை அடித்துவிட்டான். அந்த வளர்ந்த இளைஞர் உடனே சிறுவனின் முன் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டார். லோராஸ் அழுதுகொண்டே அவரைத் தழுவிக்கொண்டான். பிற்காலத்தில், 1837இல், அமெரிக்காவின் டுபியூக் மறைமாவட்டத்தின் முதல் ஆயராகத் திருப்பொழிவு பெற்றவர் இந்த லோராஸ்தான்.

இதைப் புனிதரின் தாழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். எனக்கோ இதில் வேறொன்றும் தெரிகிறது. அடித்தவன் இருக்க, அடிபட்டவர் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? படிப்பு வராத பிள்ளைகள் பலரும் இப்படித்தான் இருக்கிறார்கள். ஆசிரியர் கோபப்பட்டாலும், அம்மா கண்கலங்கினாலும், எல்லாவற்றுக்கும் தானே காரணம் என்று அந்தப் பிள்ளை நம்பிவிடுகிறது.

வியான்னிக்கு இருந்தது இன்ன குறைபாடு என்று இருநூறு ஆண்டுகள் கழித்து நாம் பெயர் சூட்ட முடியாது, சூட்டவும் கூடாது. இளமையில் பள்ளி கிடைக்காததே பாதிக் காரணமாக இருக்கலாம். ஆனால் எழுத்துகளைச் சேர்த்து வாசிக்கத் தடுமாறும் டிஸ்லெக்சியா, கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த முடியாமல் தவிக்கும் ஏ.டி.எச்.டி., ஆட்டிசம் ஆகியவை உள்ள பிள்ளைகளின் மூளை வேறு விதமாக இயங்குகிறது என்பதையும், அது சோம்பலோ அடங்காமையோ அல்ல என்பதையும் இன்று அறிந்திருக்கிறோம். தந்தை பாலிக்கு இந்தச் சொற்கள் எதுவும் தெரியாது. தம் முன்னால் இருந்த மாணவரை மட்டும் அவர் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்.

இடையில் 1809இல் நெப்போலியனின் படைக்கு அழைப்பு வந்தது. நோயுற்றுத் தம் படைப்பிரிவைத் தவறவிட்ட வியான்னி, மலைக்கிராமம் ஒன்றில் ஒளிந்து வாழ்ந்து, 1811இல்தான் திரும்பி வந்தார். அது தனிக்கதை.

1812இல் வெரியேர் சிறு குருமடத்தில் மெய்யியல் படித்தார். இலத்தீன் புரியாத சிலரைத் தனியாக அமர்த்தி அங்கே பிரெஞ்சிலேயே கற்றுக்கொடுத்தார்கள். அந்தக் குழுவில் இவரும் ஒருவர். 1813இல் லியோன் பெரிய குருமடத்தில் சேர்ந்தபோது அந்த வசதி இல்லை. இலத்தீனில் கேட்ட கேள்வியே விளங்காதவர் எதைப் பதிலாகச் சொல்வார்? சில மாதங்களில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பேசாமல் துறவறச் சகோதரராகப் போய்விடலாமா என்றுகூட எண்ணினார். பாலி விடவில்லை. மீண்டும் தம் பங்கு இல்லத்தில் அமர்த்தி, பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட நூலைக் கொண்டு இறையியலைச் சொல்லிக்கொடுத்தார். படிக்க வேண்டிய பொருளை அவர் குறைக்கவில்லை. அதற்குள் நுழையும் வாசலை மாற்றினார்.

பிறகு லியோனில் தேர்வு. எதிரே கற்றறிந்த குருக்கள், கேள்விகள் இலத்தீனில். வியான்னி குழம்பிப்போனார், தேர்வில் தவறிவிட்டார். பாலி அன்று வாளாவிருந்திருந்தால் ஆர்ஸ் நகரின் புனிதர் நமக்குக் கிடைத்திருக்கமாட்டார். அவர் லியோனுக்கே சென்று முதன்மைக் குரு பொஷார் அவர்களிடம் வாதாடினார். பொஷாரும் பெரிய மனதோடு எக்குலிக்கு வந்து, பாலியின் இல்லத்திலேயே தேர்வை மீண்டும் நடத்தினார். பழகிய அறை, பக்கத்தில் தம் ஆசிரியர். இம்முறை வியான்னி நன்றாகவே பதில் சொன்னார். சில நாட்களுக்குள் அவர் புதிதாக எதையும் கற்றுவிடவில்லை. இருந்த அறிவு வெளியே வர வழி கிடைத்தது, அவ்வளவுதான். தனி அறை, கூடுதல் நேரம், வாய்மொழியாகப் பதில் சொல்ல அனுமதி என்று இன்று பல இடங்களில் தேர்வுகளில் சலுகை தருகிறார்கள். மற்ற மாணவருக்கு இது அநியாயம் இல்லையா என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. அவர்கள் எக்குலியில் நடந்த அந்த மறுதேர்வை எண்ணிப் பார்க்கட்டும்.

கர்தினால் பெஷ் ஊரில் இல்லாததால், இறுதி முடிவு மற்றொரு முதன்மைக் குருவான கூர்போன் கையில் இருந்தது. இந்த இளைஞர் பக்தியுள்ளவரா என்பதையே அவர் முக்கியமாக விசாரித்து, இசைவு அளித்தார். 1815ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் கிரெனோபிள் நகரில் வியான்னி குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். எக்குலியிலேயே தம் ஆசிரியருக்கு உதவிப் பங்குத்தந்தையானார். பாவசங்கீர்த்தனம் கேட்க உடனே அனுமதி தரவில்லை, சில மாதங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அனுமதி வந்ததும் முதன்முதலாக அவர்முன் முழந்தாளிட்டவர் தந்தை பாலி.

1817 டிசம்பரில் பாலி தம் மாணவரின் அரவணைப்பில் இறந்தார். 1818இல் வியான்னி, ஏறத்தாழ 230 பேர் மட்டுமே வாழ்ந்த ஆர்ஸ் ஊருக்கு அனுப்பப்பட்டார். பின்னாளில் ஆண்டுதோறும் பல்லாயிரம் திருப்பயணிகள் அந்த ஊரைத் தேடி வந்ததும், நாளுக்குப் பதினாறு மணி நேரம்வரை அவர் ஒப்புரவுத் தொட்டியில் அமர்ந்திருந்ததும் நாம் அறிந்ததே. 1859இல் இறந்த அவருக்கு 1925இல் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

நினைவாற்றல் மட்டும் எளிதில் கைகொடுக்கவில்லை. ஆர்ஸில் தொடக்க ஆண்டுகளில் மறையுரையை இரவெல்லாம் எழுதி மனப்பாடம் செய்வார். ஆனாலும் பாதியில் மறந்துபோய், பிரசங்க மேடையிலிருந்து இறங்கி வந்ததுண்டு. அவர் சரியாகப் படிக்காதவர் என்று அக்கம்பக்கத்துக் குருக்கள் சிலர் ஆயருக்குப் புகார் எழுதிச் சுற்றுக்கு விட்டபோது, அது தம் கைக்கும் வர, அவரும் அதில் கையெழுத்திட்டு அனுப்பினார் என்று சொல்வார்கள். 1824இல் ஏழைச் சிறுமிகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார்.

தந்தை பாலியின் சிறிய கண்ணாடி ஒன்றை அவர் தம் அறையில் பத்திரமாக வைத்திருந்தாராம். தம் ஆசிரியரின் முகத்தைக் காட்டிய கண்ணாடி என்பதுதான் காரணம்.